மூடிய கவர்

போன மாதம் நண்பர் ஒருவரின் மகன் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'அங்கிள், இதுல லினக்ஸ் போட்டுத் தாங்க.' என்னிடம் நாலைந்து வருஷத்துக்கு முந்தைய நிறுவல் பென்டிரைவ் ஒன்று இருந்தது. செருகினேன். பாதி வழியில் நின்றுபோய், இந்த மெஷினின் வைஃபை சில்லுக்கு இன்ன பெயரில் ஒரு ஃபைல் வேண்டும், இருந்தால் கொடு என்றது. ஃபைல் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த ஃபைல் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கடைசியில் என் செல்போனைக் கேபிளில் மாட்டி ஒப்பேற்றினேன்.

பையன் விடவில்லை. 'லினக்ஸ்ல எல்லாமே ஓப்பன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த ஃபைல் உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க முடியுமா?'

முடியாது. அந்த 'முடியாது'வைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஃபர்ம்வேர் என்ற வார்த்தையை 1967-ல் டேட்டாமேஷன் பத்திரிகையில் ஆஷர் ஓப்ளர் என்பவர் முதலில் பயன்படுத்தினார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் இடைப்பட்ட சமாசாரம். இன்றைக்கு வைஃபை சில்லு, கிராஃபிக்ஸ் கார்டு, புளூடூத் எல்லாவற்றுக்கும் உள்ளே சொந்தமாக ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கான புரோகிராமை முன்பெல்லாம் சில்லிலேயே நிரந்தரமாகப் பொறித்து அனுப்புவார்கள். பிறகு காசு மிச்சம் பிடிக்கவும், தப்பு இருந்தால் திருத்தவும் வசதியாக, வெறும் நினைவகத்தை மட்டும் வைத்துவிட்டு, 'புரோகிராமை மெஷின் கிளம்பும்போது நீயே ஊட்டிவிடு' என்று பொறுப்பை கெர்னல் தலையில் கட்டிவிட்டார்கள்.

கெர்னல் இதை எப்படிச் செய்கிறது? டிரைவர் ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லிக் கேட்கும். கெர்னல் அதற்கென்று இருக்கும் கோப்புறையில் தேடி எடுத்து நினைவகத்தில் வைக்கும். டிரைவர் அதை வாங்கிச் சில்லுக்குள் தள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை, கூரியர் பையன் கவரைப் பிரிக்காதது மாதிரி. லேப்டாப் தூங்கப் போகும்முன் கெர்னல் இந்த ஃபைல்களை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்வது உண்டு. விழித்தெழும்போது டிஸ்க் தயாராகும் முன்பே சில்லு பசியென்று அழுதால் கையில் பால் வேண்டுமல்லவா? இதை எழுதியவர் வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த நேர்த்தி சுலபத்தில் வரவில்லை. 2003 வாக்கில் இந்த ஏற்பாடு வந்தபோது, கெர்னல் தானாக டிஸ்க்கைத் தொடக்கூடாது என்று ஒரு ஆசாரம் பார்த்தார்கள். ஃபைலை எடுத்துவர வெளியே ஒரு எடுபிடி. பிற்பாடு யூடெவ் என்ற புரோகிராம் அந்த வேலையைப் பார்த்தது. 2012-ல் இது சந்தி சிரித்தது. டிரைவரை ஏற்றச் சொன்னதே யூடெவ்தான். 'நீ ஏறி முடி, அடுத்த வேலையை அப்புறம் பார்க்கிறேன்' என்று யூடெவ் காத்திருக்க, 'ஃபைலைக் கொடு, அப்புறம்தான் ஏறி முடிப்பேன்' என்று டிரைவர் காத்திருக்க, பயனர் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகிவிட்டார். (கடுப்பாவது அவருக்குப் புதிதல்ல.) அந்த வருஷம் டிசம்பரில் வந்த 3.7 கெர்னலே நேராக ஃபைலைப் படிக்க ஆரம்பித்தது. 2014-ல் யூடெவ்விலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஒரு ஃபைலைத் திறந்து படிக்கலாம் என்று முடிவெடுக்க ஒன்பது வருஷம்.

பொறியியல் இத்துடன் போகட்டும். என் சண்டை வேறு.

பல வருஷம் இந்தப் புரோகிராம்கள் கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே கிடந்தன, பக்கம் பக்கமாக வெறும் எண்களாக. கெர்னலின் லைசென்ஸான ஜிபிஎல், 'மூல நிரல்' என்றால் மாற்றி எழுத எந்த வடிவம் வசதியோ அந்த வடிவம் என்கிறது. ஆயிரக்கணக்கான எண்களை யாராவது கையால் எழுதி, கையால் திருத்துவார்களா? எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. 2008-ல் டேவிட் வுட்ஹவுஸ் அவற்றைப் பிரித்துத் தனி மூலையில் ஒதுக்கினார். 2017-ல் 4.14 பதிப்போடு கெர்னலிலிருந்தே போய், தனிக் களஞ்சியமாகிவிட்டது. கெர்னல் சுத்தமாயிற்று. வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் திண்ணைக்குத் தள்ளின சுத்தம். அந்தத் திண்ணை இன்று அவிழ்த்தால் நூற்றுக்கணக்கான மெகாபைட்.

எதிர்த்தரப்பு சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை, ஸ்டால்மனின் மடம். டிஸ்க்கிலிருந்து ஏற்றும் மூடிய ஃபர்ம்வேர் கூடவே கூடாது என்பது கட்சி. இவற்றையெல்லாம் சுரண்டி எடுத்த லினக்ஸ்-லிப்ரே என்ற கெர்னலைத்தான் சிபாரிசு செய்வார்கள். கொள்கைப் பிடிப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதே கம்பெனியின் அதே புரோகிராம், மாற்ற முடியாதபடி சில்லுக்குள் பொறிக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை, அதை ஹார்டுவேராகக் கருதலாம் என்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குப் புரியாமல் போகிறது. முதல் கேஸில் என்னால் படிக்க முடியாது, கம்பெனியாவது திருத்தலாம். இரண்டாவதில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது எப்படி அதிக சுதந்திரம்? கண்ணில் படாத பூனை சைவம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

டெபியன்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மை. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவலில் சேர்க்க அனுமதித்தார்கள். 2023 ஜூனில் வந்த 12-ம் பதிப்பிலிருந்து அது தனிப் பிரிவாக, 'இது சுதந்திரமானதல்ல' என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வருகிறது. வேண்டாதவர்கள் மறுக்கலாம். தோல்வியை ஒப்புக்கொண்டார்கள் என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு இது இருந்ததை இருந்தபடி சொன்னதாகவே படுகிறது. வைஃபை வராத லேப்டாப்பைப் பார்த்து ஒரு மாணவன் சுதந்திரத்தைப் பற்றி யோசிக்கமாட்டான். விண்டோஸுக்குத் திரும்பிப் போய்விடுவான்.

உண்மையான வில்லத்தனம் வேறு இடத்தில். என்விடியா 2014-ல் வந்த கிராஃபிக்ஸ் கார்டுகளிலிருந்து, தன் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரைச் சில்லு ஏற்காதபடி செய்தது. நூவோ என்ற சுதந்திர டிரைவரை வருஷக்கணக்காக எழுதி வந்தவர்கள் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தது. கிளம்பும்போது இருக்கும் ஆமை வேகத்திலேயே கார்டு ஓடியது. காசு கொடுத்து வாங்கியவன் ஒருவன், சாவி இன்னொருவன் இடுப்பில். 2022 மே மாதம் அதே என்விடியா தன் கெர்னல் டிரைவரை ஓப்பன் சோர்ஸ் என்று வெளியிட்டபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் பார்த்தால், டிரைவர் முன்பு செய்த வேலையில் பெரும்பகுதி கார்டுக்குள் இருக்கும் தனிச் செயலிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அதற்கான மூடிய ஃபைல் மட்டும் பல பத்து மெகாபைட். ரகசியம் தீரவில்லை, ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது.

'இருந்தா இருக்கட்டும், ஓடினா சரி' என்பவர்களுக்கு 2017-ல் நடந்ததைச் சொல்கிறேன். பிராட்காம் வைஃபை சில்லின் ஃபர்ம்வேரில் நிதாய் ஆர்ட்டென்ஸ்டைன் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். பிராட்பவுன் என்று பெயர். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் அந்தச் சில்லு. போன்காரர் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், எந்த நெட்வொர்க்கிலும் சேர வேண்டாம். வைஃபை ஆன் ஆகி, தாக்குபவர் பக்கத்தில் இருந்தால் போதும், சில்லைக் கைப்பற்றலாம். போனின் பிரதான சிஸ்டத்துக்கு அடுக்கடுக்காகக் காவல், கொல்லைப்புறத்துச் சில்லுக்கு அந்தக் காவல் கிடையாது. அந்த ஜூலையில் ஆப்பிளும் கூகுளும் அவசரமாகத் திருத்தம் அனுப்பின. மூல நிரல் வெளியே இருந்தால் ஓட்டையே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேடியவர்கள் இருமக் குவியலை வைத்துக்கொண்டு குருடன் யானையைத் தடவினாற்போல் தடவ வேண்டியிருந்திருக்காது.

கெர்னலைப் பற்றி என் புகார் இவ்வளவுதான். எதை ஏற்றினோம் என்பதை அது லாக்கில் எங்கோ ஒரு வரியில், அதுவும் டிரைவருக்கு மனமிருந்தால், முணுமுணுக்கிறது. இந்த மெஷினில் இத்தனை மூடிய புரோகிராம்கள் ஓடுகின்றன, இன்ன கம்பெனியுடையவை, இன்ன தேதி என்று ஒரே இடத்தில் சாதாரண ஆளுக்குப் புரிகிறபடி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

திறந்து கொடுக்கவே முடியாது என்பதும் பொய். குவால்காம் ஏதெரோஸ் 2013-ல் தன் யுஎஸ்பி வைஃபை சில்லுகளில் ஒரு வகைக்கு ஃபர்ம்வேரின் மூல நிரலையே வெளியிட்டது. கம்பெனி திவாலாகவில்லை. அந்தச் சில்லு உள்ள குச்சி ஒன்று என் மேஜை டிராயரில் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூப்பிட்டு, நிரலை இறக்கி, கம்பைல் செய்து, ஃபைலை அந்தக் கோப்புறையில் வைத்துக் குச்சியைச் செருகினோம். வேகம் ஏட்டளவில் 150 மெகாபிட், நிஜத்தில் அதில் பாதிகூட இல்லை. 'ரொம்ப ஸ்லோ அங்கிள்' என்றான். ஆனாலும் போகும்போது குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.