கள்ளனுக்கும் ஒரு கதை

மில்லர்புரத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. உப்பளத்துக் காற்று வீசும் சாயங்கால வேளையில் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது எங்கள் வழக்கம். ஜனங்களின் அபிப்பிராயம் எப்படி மாறுகிறது என்பதை நான் புத்தகங்களில் கற்றதைவிட அந்தப் படியில் கற்றதுதான் அதிகம்.

2019 டிசம்பர் 6ஆம் தேதி, ஹைதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவரைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அங்கே ஜனங்கள் போலீசார்மேல் பூத்தூவினார்கள். இங்கே அண்ணாச்சி தெருப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

"இதுதான் தம்பி நியாயம். கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம் இழுப்பான்" என்றார்.

நான் சட்டம், சாட்சி, விசாரணை என்று அரைமணி நேரம் பேசினேன். "நீங்க கதை எழுதுதவரு, அப்படித்தான் பேசுவீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆறு மாதம் கழிந்தது. 2020 ஜூன் 19ஆம் தேதி எங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு மகன் போனார். மறுநாள் காலை தகப்பனும் போனார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி படிக்கு வரவில்லை. நானே உள்ளே போய்ப் பார்த்தேன். நாற்காலியில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பாவும் கடை வச்சிருந்தவருதான் தம்பி. அந்த மனுஷங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

இந்தக் கேள்வி அவரை மட்டும் அல்ல, தமிழ்நாட்டையே உலுக்கியது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. சினிமா உலகமும் அசைந்தது. 'சாமி', 'சிங்கம்' முதலான படங்களை எடுத்த ஹரி, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அறிக்கை விட்டார். அவருடைய சிங்கம் எங்கள் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கிளம்பியவன் என்பதை நினைத்தால் அந்த வருத்தத்தின் கனம் புரியும். அடிக்கிற கை நல்லவன் கை என்றால் கொட்டகையில் நாம் எல்லோரும் விசிலடித்தவர்கள்தாம்.

ஆக, என் அரைமணி நேரப் பிரசங்கம் செய்யாததை ஒரு கடைக்காரரின் கதை செய்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையில் ஒரு கோளாறு இருக்கிறது.

வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தாம் பட்டதை எழுதிய 'லாக்கப்' அதற்கு மூலம். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பிழைக்கப் போன பையன்களை அடிக்கிறார்கள். அந்த அடி நம் முதுகில் விழுகிறது. 2021இல் வந்த த. செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' 1993இல் நடந்த ராஜாக்கண்ணு வழக்கை ஆதாரமாகக் கொண்டது. அதிலும் திருட்டுப் பழி, அதிலும் நிரபராதி. இரண்டும் நல்ல படங்கள், வந்தே தீரவேண்டிய படங்கள். ஆயினும் இரண்டும் நம்மிடம் கண்ணீர் கேட்பதற்கு முன்னால் ஓர் உத்தரவாதம் தருகின்றன: 'பயப்படாதே, இவன் திருடவில்லை.'

'விசாரணை'யின் பிற்பாதி இந்த உத்தரவாதத்தை மெல்ல விலக்கிப் பார்க்கிறது. அங்கே அகப்படுகிற கே.கே. பெரிய இடத்துப் பணத்துக்குக் கணக்குப் பார்த்தவர். சுத்தமான ஆள் இல்லை. அவரும் போலீஸ் பிடியில்தான் சாகிறார். ஆனால் படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாண்டி வாங்கிய அடிகளை வரிசையாகச் சொல்வார்கள். கே.கே.யின் சாவு கதையில் ஒரு திருப்பமாக மட்டுமே நினைவிருக்கும். இது இயக்குநரின் குறையா, பார்க்கிற நம் குறையா? பெரும்பங்கு நம்முடையது என்றே நினைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அண்ணாச்சி ஒருநாள் என்னைக் கேட்ட கேள்வி. ஹைதராபாத் சம்பவத்தைப் பற்றி உச்சநீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022இல் வெளியாயிற்று. தற்காப்புக்காகச் சுட்டோம் என்று போலீசார் சொன்னதைக் கமிஷன் ஏற்கவில்லை. நான் அதை அவரிடம் வெற்றிக்களிப்போடு சொன்னேன்.

"அது வேற, சாத்தான்குளம் வேற" என்றவர், சற்றுப் பொறுத்து, "ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுச் செயின் களவு போச்சே, அது எப்படித் திரும்பிச்சின்னு நீங்க கேட்டீங்களா?" என்றார்.

நான் கேட்கவில்லை. பல வருஷங்களுக்கு முன் நடந்தது அது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பையன்மேல் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். "ரெண்டு தட்டுத் தட்டினோம், கக்கிட்டான் சார்" என்றார் ஒரு காவலர். செயின் மேஜைமேல் இருந்தது. உள்ளே யாரோ முனகுவது கேட்டது. எடுத்தவன் அவன்தான்; அதில் சந்தேகமே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன், நன்றி சொன்னேன், வந்துவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ கதைகள் எழுதினேன். அந்த முனகலை எழுதவில்லை. ஏன்? அவன் திருடன். அவனை வைத்துக் கதை எழுதினால் வாசகர் யார் பக்கம் நிற்பார் என்று எனக்கு நிச்சயமில்லை. நான் யார் பக்கம் நிற்பேன் என்பதும் நிச்சயமில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நம் கதைகளைவிட முன்னால் போய்விட்டது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அதைத் தந்தவனுக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2023இல் வந்த புதிய சட்டமும் அதை விடவில்லை. அவன் செய்தவனா செய்யாதவனா என்று அந்த விதி பார்ப்பதில்லை. அதற்கும் முன்பே, 1855இல், சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷன், வரிப்பாக்கிக்காகக் குடியானவர்களுக்குக் கிட்டி போட்டதையும் அண்ணாந்தாள் கட்டியதையும் பதிவு செய்திருக்கிறது. பாக்கி நிஜமாகவே இருந்திருக்கலாம். அதனால் கிட்டி நியாயமாகிவிடுமா?

தமிழில் இதற்கு வழி காட்டியவர் இல்லாமல் இல்லை. 1974இல் ஜி. நாகராஜன் 'நாளை மற்றுமொரு நாளே' என்ற நாவலில் கந்தனைப் படைத்தார். கந்தன் உத்தமன் அல்ல. நம் வீட்டுக்குள் நாம் சேர்க்கக்கூடிய ஆளும் அல்ல. ஆசிரியர் அவனுக்காக வக்காலத்து வாங்கவுமில்லை, வாசகரிடம் இரக்கம் யாசிக்கவுமில்லை. ஒருநாள் முழுவதும் அவன் கூடவே நம்மை நடக்க வைக்கிறார். நடந்து முடித்தபின் அவனை ஒருவன் அடித்தால் நமக்கு வலிக்கும். அவன் நல்லவன் என்பதால் அல்ல, அவனை நமக்குத் தெரியும் என்பதால். இலக்கியம் செய்யக்கூடிய காரியம் இதுதான். 'இவன் செய்யவில்லை' என்று நிரூபிப்பது வக்கீலின் வேலை.

2025 ஜூன் மாதம் திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாரில் போலீஸ் விசாரணைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. மறுபடியும் ஊரெல்லாம் கொதித்தது. கொதித்தது நல்லது. ஐந்து வருஷத்தில் ஜனங்கள் எவ்வளவோ மாறியிருக்கிறார்கள். ஆனால் அப்போதும் நான் போன இடமெல்லாம் கேட்டது அதே வாக்கியத்தைத்தான்: "பாவம், ஒண்ணும் செய்யாத பையன்."

அண்ணாச்சியிடம் அன்று கேட்டேன்: "செய்திருந்தால்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. 2019 ஆக இருந்தால் உடனே சொல்லியிருப்பார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வெள்ளையடிக்கிற பையன் இப்ப எங்க இருக்கான் தம்பி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவன் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.