36 சென்ட் கதையும் டீனா டர்னரின் குரலும்

டீனா டர்னரின் ரசிகர் எவரைக் கேட்டாலும் அந்த 36 சென்ட் கணக்கைச் சொல்லிவிடுவார். 1976 ஜூலைத் தொடக்கம், டல்லஸ் நகரத்து விடுதி. கணவர் ஐக் டர்னரிடம் வாங்கிய அடியில் முகம் வீங்கியிருக்கிறது, வெள்ளை உடையில் ரத்தக்கறை. ஐக் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்து டீனா வெளியேறி, வாகனங்கள் பறக்கும் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, எதிர்ப்புறத்து விடுதியில் போய் அடைக்கலம் கேட்கிறார். கையில் இருந்தவை 36 சென்ட்டும் பெட்ரோல் போடுகிற கடனட்டை ஒன்றும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லும் ரசிகரிடம், 1973இல் வெளிவந்த ‘நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்’ பாடலை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். பலர் தயங்குவார்கள். எழுதியவர் டீனாவேதான்.

ராக் இசையின் அரசி என்று உலகம் கொண்டாடும் ஒருவரைப் பற்றி ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் பாடியதல்ல, பட்டது. டீனா விஷயத்தில் ரசிகர்களின் அன்பு உண்மையானது, பயனுள்ளது, சில இடங்களில் நீதியையே பெற்றுத் தந்தது. ஆனால் அந்த அன்புக்குக் காது சற்று மந்தம்.

1939இல் பிறந்து, டென்னசி மாநிலத்துப் பருத்திக்காட்டுச் சிற்றூரான நட்புஷில் வளர்ந்த அன்னா மே புல்லக்தான் டீனா. அந்தப் பெயரைச் சூட்டியவர் ஐக். சூட்டியதோடு நிற்காமல் வணிகமுத்திரையாகவும் பதிவு செய்துகொண்டார். ஒருத்தி போனால் இன்னொருத்தியை அதே பெயரில் மேடையேற்றலாம் அல்லவா? முதல் வெற்றிப்பாடல் 1960இல். கடைசிக் கச்சேரி 2009 மே மாதம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். 2023 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் குஸ்னாக்ட் ஊரில், 83 வயதில் காலமானார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு மேடை வாழ்க்கை. அதில் ஐக்கோடு கழிந்தது மூன்றில் ஒரு பங்குதான். இந்த விகிதம் மனத்தில் இருக்கட்டும்.

முதலில் ரசிகர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. 1966இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ‘ரிவர் டீப் மவுண்டன் ஹை’ அமெரிக்கப் பட்டியலில் 88ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கறுப்பர் வானொலிக்கு அது வெள்ளை இசையாகவும், வெள்ளையர் வானொலிக்குக் கறுப்பு இசையாகவும் பட்டது. இரு வீட்டாரும் கைவிட்ட பிள்ளை அந்தப் பாட்டு. பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த வரவேற்பைத் தொடர்ந்துதான் அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு பிரிட்டன் சுற்றுப்பயணம். எண்பதுகளில் அவருக்கு மறுவாழ்வு கிடைத்ததும் லண்டனில்தான். சொந்த நாட்டுச் சந்தை எந்த வகை இசை என்ற முத்திரையைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது, கடல் கடந்த ரசிகர்கள் பாட்டைக் கேட்டார்கள். 1988 ஜனவரி 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் அவருக்காகக் கூடிய கூட்டம் 1,80,000.

ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1991இல் ‘ஐக் அண்ட் டீனா’ என்ற இணைக்குத்தான் இடம் கிடைத்தது. ஐக் சிறையில் இருந்தார், டீனா போகவில்லை. இருவர் சார்பிலும் மேடையேறிக் கௌரவத்தை வாங்கியவர் ஃபில் ஸ்பெக்டர், பின்னாளில் ஒரு பெண்ணைச் சுட்டுக்கொன்ற குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர். இதைவிடக் கசப்பான அங்கதத்தை யாரும் கற்பனையில் எழுதிவிட முடியாது. தனிக் கலைஞராக டீனாவுக்கு அதே மண்டபத்தில் இடம் கிடைக்க மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 2021இல் அந்த மண்டபம் நடத்திய ரசிகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தவர் அவர்தான். இணையிலிருந்து அவர் பெயரைப் பிரித்தெடுத்துத் தனியே நிறுத்தியதில் ரசிகர்களின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்குண்டு.

அந்த 36 சென்ட் கதையே கூடப் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டுக்குள் அடிவாங்குவதை வெளியே சொல்வது மானக்கேடு என்று எண்ணப்பட்ட 1981இல், உச்சத்தில் இல்லாத ஒரு பாடகி ‘பீப்பிள்’ இதழுக்குப் பேட்டி கொடுத்துப் பெயர் சொல்லிப் பேசினார். அந்தத் துணிச்சலை ரசிகைகள் தங்கள் துணிச்சலாக எடுத்துக்கொண்டதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. தவறு அதற்குப் பிறகு தொடங்குகிறது.

அவர் அந்தப் பேட்டியைக் கொடுத்தது பேச்சை முடிப்பதற்காக. ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினார். 1986இல் ‘ஐ, டீனா’ தன்வரலாறு வந்தது. 1993இல் அதைத் தழுவிய திரைப்படம். அதில் நடித்த ஏஞ்சலா பாஸெட், லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை. அதே ஆண்டு வெனிஸில் செய்தியாளர்கள் கேட்டபோது, தான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றார் டீனா. பட்டதை மறுபடி திரையில் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ரசிகர்களோ திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 2018இல் லண்டனில் இசை நாடகம், 2021இல் ஆவணப்படம். எல்லாவற்றிலும் அதே அடி, அதே ஓட்டம். அந்த ஆவணப்படத்தின் அடிநாதமே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வந்துவிட்ட சலிப்புதான். அதன் வழியே ரசிகர்களிடம் விடைபெற நினைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் ஐக்கின் பெயர் இரண்டாம் பத்தியைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

பழி முழுவதும் ரசிகர்மீது என்று சொல்ல மாட்டேன். புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் ஒப்புதலும் ஒத்துழைப்பும் தந்தவர் டீனாவே. அந்தக் கதை அவருடைய சொத்து, விற்கும் உரிமை அவருக்குண்டு. ஆனால் விற்பவரின் அலுப்பைக் கண்டுகொள்ளாமல் அதே சரக்கைக் கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கும் பொறுப்புண்டு. மகளிர் தினச் சிறப்பிதழ்களில் ‘சோதனையை வென்ற சாதனைப் பெண்’ என்று ஒரு பத்தி ஒதுக்கும் நம் பத்திரிகைகளுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. அங்கும் சோதனைக்கு முக்கால் பக்கம், சாதனைக்குக் கால் பக்கம்.

இந்தப் பழக்கத்தில் மறைந்துபோவது என்ன என்பதற்கு ‘பிரௌட் மேரி’ ஒன்று போதும். ஜான் ஃபோகர்டி எழுதி 1969இல் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு பாடியது நிதானமான ஆற்றுப்பாட்டு. ஐக்கும் டீனாவும் 1971இல் வெளியிட்ட வடிவம் பாட்டை இரண்டாகப் பிளக்கிறது. முதலில் கிட்டார் மெல்ல ஊசலாட, டீனா பாடாமல் பேசுகிறார். வரப்போவதை முன்கூட்டியே அறிவித்துக் கேட்பவரைச் சீண்டுகிறார். பிறகு தாழ்ந்த சுருதியில், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடுகிறார். அடியில் ஐக்கின் கனத்த குரல் தொடர்ந்து வருகிறது. இந்த முதல் பாதியில் அவருடைய புகழ்பெற்ற கரகரப்பு ஏறக்குறைய இல்லை. திடீரென்று முரசும் கொம்பு வாத்தியங்களும் புகுந்து காலப்பிரமாணம் எகிறுகிறது. அங்கே டீனா சொற்களை நறுக்கத் தொடங்குகிறார். உயிரெழுத்தை நீட்டுவதை விட்டு மெய்யெழுத்தை அடிக்கிறார். வாய் தாளவாத்தியம் ஆகிவிடுகிறது. அத்தனை வேகத்திலும் சுருதி பிசகுவதில்லை. இரண்டாம் பாதியின் வெடிப்புக்கு வேண்டிய மருந்து முழுவதையும் முதல் பாதியில் சேமித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிகிறது.

இதைக் கேட்பதில் ரசிகர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்த ஏற்பாட்டில் ஐக்குக்கும் முரசுக் கலைஞர் சோகோ ரிச்சர்ட்சனுக்கும் பங்கிருக்கிறது. பாட்டைப் புகழ்ந்தால் அடித்தவனையும் புகழ வேண்டிவருமே என்ற தயக்கம். ஆகவே ஐக் காலத்து இசையை வரலாற்றின் இருட்டறையில் தள்ளிவிட்டு, டீனா தனியாக வென்ற 1984இலிருந்து தொடங்குவது பலருக்கு வசதி. ஐக் கொடுமைக்காரர்; 1951இலேயே ‘ராக்கெட் 88’ஐ உருவாக்கிய குழுவின் தலைவரும் அவர்தான். இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் விமர்சனத்துக்கு வேண்டும். ஐக்கை அழிக்கப்போய் டீனாவின் பதினாறு ஆண்டு உழைப்பையும் சேர்த்து அழிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விடுதலை கிடைத்ததும் ராக் பாடகி ஆனார் என்ற சித்திரமும் சரியில்லை. 1975இல் ‘டாமி’ படத்தில் ஆசிட் குயீன் வேடமேற்றார். அதே ஆண்டு வந்த ‘ஆசிட் குயீன்’ இசைத்தட்டில் தி ஹூ, ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் பாடல்களை எடுத்துப் பாடினார். ஓடிவருவதற்கு ஓராண்டு முன்பே, வெள்ளை இளைஞர்களின் உரத்த கிட்டார் இசை தனக்கும் உரியது என்று முடிவு செய்திருந்தார் என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி. அடியிலிருந்து பிறந்ததல்ல அந்த முடிவு. இசைக் கலைஞர் ஒருவர் தன் தொழிலில் எடுத்தது. விவாகரத்து 1978இல் முடிந்தபோது பணத்தை விட்டுக்கொடுத்து, மேடைப்பெயரைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் தீர்க்க லாஸ் வேகஸ் கேளிக்கை அரங்குகளிலும் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளிலும் ஏறி இறங்கிய ஆண்டுகளை ரசிகர்கள் வனவாசம் என்கிறார்கள். பெயருக்குச் சந்தை மதிப்பே இல்லாத அந்த நாள்களில்தான் குழுவை அமர்த்துவது முதல் பாட்டு வரிசை வரை தானே முடிவு செய்யும் முதலாளியாக அவர் உருவானார்.

பத்திரிகைகளும் ரசிகர்களும் அவரை வர்ணித்த விதமும் கேள்விக்குரியது. பெண் சிங்கம், சிறுத்தை, காட்டுத் தீ, அந்தக் கால்கள்! புகழுரைதான், ஆனால் கறுப்பினப் பெண்ணின் கலையை உடம்பின் இயற்கை ஆவேசமாகச் சுருக்கும் புகழுரை. பின்னணிப் பாடகிகளான ஐக்கெட்ஸுக்கு அசைவுகளை அமைத்துக் கற்றுக்கொடுத்தவர் டீனா. உயர்ந்த குதிகாலணியில் இரண்டு மணி நேரம் ஆடிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாடுவது காட்டிலிருந்து வருவதில்லை, ஒத்திகையிலிருந்து வருகிறது. மிக் ஜாகருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் என்று ரசிகர்கள் பெருமை பேசும்போதும் இதே சறுக்கல்: வெள்ளை ஆண் நட்சத்திரம் ஒருவர் கடன்பட்டதைக் காட்டினால்தான் டீனாவின் பெருமை நிரூபணமாகும் என்பதுபோல.

1984இன் வெற்றியை ‘மறுவருகை’ என்பதையும் டீனா ஏற்றதில்லை. அதற்கு முன் இருந்தது ஐக்கின் டீனா. 1984இல் வந்ததுதான் தன் முதல் வருகை என்பது அவர் கட்சி. அந்த ஆண்டு ‘பிரைவேட் டான்சர்’ இசைத்தொகுப்பு ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 44 வயது. டெரி பிரிட்டனும் கிரஹாம் லைலும் எழுதிய அந்தப் பாட்டு அவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஆனாலும் அதற்கென்று குரலை மாற்றிக்கொண்டார். சரணங்களைத் தாழ்ந்த குரலில், ஏறக்குறையப் பேச்சாக, ஈடுபாடு காட்டாதவர்போலச் சொல்லிப்போகிறார். கரகரப்பைப் பல்லவிக்கு மட்டும் எடுத்து வைக்கிறார். எரிமலை என்று பெயரெடுத்தவர் சூட்டை அடக்கி வாசித்து வென்ற பாட்டு அது. வயதை மீறிச் சாதித்தார் என்று மெச்சுகிறவர்கள், இருபது வயதுக் குரலால் அப்படிப் பாடியிருக்க முடியுமா என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

ரசிகர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எழுபதுகளில் பள்ளிக்கூடங்கள் வழியே பரவிய வரிசை நடனம் ஒன்று உண்டு, பெயரே ‘நட்புஷ்’. கல்யாண வீடு, பள்ளி விழா, ஊர்க் கூட்டம் என எங்கே அந்தப் பாட்டு ஒலித்தாலும் பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் நின்று ஒரே பக்கம் உதைத்துத் திரும்புவார்கள். குவீன்ஸ்லாந்தின் பாலைநிலத்து விளிம்பில் பேர்ட்ஸ்வில் அருகே நடக்கும் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் செம்மண் புழுதி கிளப்பி இதை ஆடிச் சாதனை படைத்திருக்கிறார்கள். நட்புஷ் வெறும் சிற்றூர். அதன் ஆலை, தேவாலயம், பள்ளி, வாகன வேக வரம்பு என்று டீனா அடுக்கிய சாதாரணப் பட்டியலுக்குத்தான் அவர்கள் ஆடுகிறார்கள். ஐக் யார் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் கணக்கில் டீனாவுக்குக் கிடைத்த ஆகச்சிறந்த ரசிகர் கூட்டம் இதுதான். இதே ஆஸ்திரேலியாவில் ‘தி பெஸ்ட்’ ரக்பி லீக் விளம்பரப் பாட்டாகி, பிறகு உலகெங்கும் கோப்பை தூக்குகிற ஒவ்வொருவருக்கும் வாழ்த்துப்பா ஆனது வேறு வகை. அது பானி டைலர் முதலில் பாடிய பாட்டு, டீனா தன் குரலால் கைப்பற்றியது. இன்று அதில் குரல் கேட்பதில்லை, கோப்பைதான் தெரிகிறது.

ஆக, என் தீர்ப்பு இது: ரசிகர்களின் போற்றுதல் டீனா டர்னருக்குப் பெயரையும் பணத்தையும் தாமதமான நீதியையும் மீட்டுத் தந்தது, இசை விமர்சனமாக அது தோற்றது. ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று அந்த விடுதிக் கதை மீண்டும் சுற்றுக்கு வரும். உங்களுக்கு வந்தால், பகிர்வதற்கு முன் ‘ஆசிட் குயீன்’ தட்டின் முதல் பக்கத்தை ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள்.