கிள்ளான் கோரிக்கைகளும் மனோதத்துவமும்

ஓர் அரசியற் கொள்கையை ஏன் மேற்கொண்டாய் என்று ஒருவனைக் கேட்டால், "ஆராய்ந்து தெளிந்தேன்" என்பான். பெரும்பாலும் இது நடந்த வரலாறன்று; நடந்த பின் கட்டிக்கொண்ட நியாயமே. நாள்தோறும் யார் முன்னிலையில் அடங்கி நின்றான், யாரோடு தன்னை ஒப்பிட்டுக் கொண்டான், பக்கத்தில் நின்றவன் என்ன செய்யக் கண்டான் என்பவையே அவன் கொள்கையைப் பெரிதும் வடித்திருக்கும். மனோதத்துவ நூலார் சென்ற நூற்றாண்டில் பல சோதனைகளால் இதனைக் காட்டியிருக்கின்றனர். இதற்கு உதாரணம் தேடி நாம் மேல்நாடு செல்ல வேண்டுவதில்லை. நம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941-ஆம் ஆண்டில் விடுத்த கோரிக்கைப் பட்டியல் ஒன்றே போதும். அதனை இலக்கியமாக எண்ணிப் படிப்பார் அரியர். எனினும், ஒரு சமூகத்தின் உள்ளம் எழுத்தில் வெளிப்படுவதே இலக்கியமாயின், அப்பட்டியலையும் இலக்கியத்தைப் போல எடுத்துப் படித்து, அதன் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்தல் தகும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். உலக யுத்தத்தினால் அக்காலம் ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்தது. தோட்டக் கம்பெனிகளின் வருவாய் உயர்ந்தது; தமிழ்த் தொழிலாளியின் கூலியோ நாளொன்றுக்கு 50 காசு அளவிலேயே நின்றது. 1941-இன் முற்பகுதியில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. அதில் முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அச்சங்கத்தின் ஆர். எச். நாதன், கோலாலம்பூரில் வெளிவந்த "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் 5-ஆம் நாள் சர்க்கார் அவரைச் சிறைப்படுத்தவே, வேலைநிறுத்தம் முன்னிலும் விரைவாகப் பரவிற்று. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. இராணுவம் தோட்டங்களுக்குள் புகுந்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

இனிப் பட்டியலைப் பார்ப்போம். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். இவ்விரண்டும் கூலியையும் நேரத்தையும் பற்றியவை. மற்றவை எத்தகையவை? பிள்ளைகளுக்கு முறையான கல்வி, சரியான வைத்திய வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பேசவும் கூடவும் சுதந்திரம், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை, குறை கூறியவரைப் பழிவாங்காமை, கொடிய சிப்பந்திகளை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்துதல், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதற்கு முடிவு. இவற்றோடு இன்னுமொன்று: துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமலே செல்லும் உரிமை!

இப்பட்டியலைக் கண்டு அக்காலத்துத் தோட்ட வர்க்கத்தாரும் அதிகாரிகளும் கூறிய விளக்கம், "வெளியார் தூண்டிவிட்டனர்" என்பது. தமிழ்த் தொழிலாளி இயல்பாகவே அடக்கமுடையவன், சொன்னதைக் கேட்பவன் என்பது அவர்களது நெடுநாள் நம்பிக்கை. பிற்காலத்தார் சிலர் கூறும் விளக்கம், "எல்லாம் வயிற்றுப் பிரச்சினை" என்பது. இவ்விரண்டும் பட்டியலுக்குப் பொருந்தவில்லை. வயிறு ஒன்றே காரணமெனில் சைக்கிளுக்கு அங்கு என்ன வேலை? வெளியார் தூண்டுதலே காரணமெனில், தூண்டியவரைச் சிறையிலிட்ட பின்னர்ப் போராட்டம் ஏன் பெருகிற்று?

கூலிக் கோரிக்கையை முதலில் எடுத்துக் கொள்வோம். "உண்ணப் போதுமான கூலி தா" என்று அது கேட்கவில்லை. "சீனருக்குக் கொடுப்பதைப் போல் எமக்கும் கொடு" என்று கேட்கிறது. இங்கே மனத்தின் ஒரு விதி தொழிற்படுகின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சிப்பாய்களின் மனப்போக்கை ஆராய்ந்த ஸ்டௌஃபர் என்பார் தம் குழுவினருடன் 1949-இல் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையைக் கூறினார். உத்தியோக உயர்வு விரைவாகக் கிடைத்த விமானப் படையினரைக் காட்டிலும், உயர்வு அரிதாகக் கிடைத்த இராணுவப் போலீசாரே அவ்வகையில் மனநிறைவுடன் இருந்தனராம். காரணம், பக்கத்தில் இருப்பவன் உயராதபோது தான் உயராதது ஒருவனுக்கு உறுத்துவதில்லை. மனக்குறையின் அளவுகோல் பெறுகின்ற பொருளில் இல்லை. ஒப்பிடுகின்ற ஆளில் இருக்கின்றது.

கிள்ளானிலும் இஃதே நிகழ்ந்தது. ஊரில் பஞ்சம் கண்டு கப்பலேறியவன், தன் வாழ்வை விட்டுவந்த கிராமத்தோடு ஒப்பிட்டவரை, தோட்டம் பொறுக்கத் தக்கதாகவே தோன்றியிருக்கும். 1938-இல் இந்திய சர்க்கார் மலாயாவுக்குக் கூலியாட்களை உதவிப்பணத்தில் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. புதிய ஆட்கள் வந்து நிறைவது குறைந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தஞ்சாவூரும் சேலமும் கதைகளே. அவன் கண்ணெதிரே இருந்தவன், அதே மரத்தைச் சீவி அதிகக் கூலி வாங்கிய சீனத் தொழிலாளி. ஒப்பிடும் ஆள் மாறினான், அரசியலும் மாறிற்று. இதற்கு எந்தத் தூண்டுதலும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, சைக்கிள். துரையைக் கண்டதும் இறங்கி நிற்பது சில நொடி வேலை. இதனால் ஒரு காசும் நட்டமில்லை. ஆனால் நாள்தோறும் இறங்குகின்றவனின் உள்ளம் என்னாகும்? 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணாக்கர் சிலருக்குச் சலிப்பூட்டும் வேலையொன்றைக் கொடுத்துச் செய்வித்து, "இவ்வேலை மிக இனிது" என்று அடுத்து வருபவரிடம் பொய் சொல்லும்படி கேட்டனர். பொய்க்குக் கூலியாகச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். பின்பு உண்மையில் வேலை எப்படியிருந்தது என்று வினவியபோது, 20 டாலர் பெற்றவர் சலிப்பென்றே கூறினர். 1 டாலர் பெற்றவரோ அது அவ்வளவு மோசமில்லை, இனிதாகவே இருந்தது என்றனர்! பெருந்தொகை பெற்றவனுக்குத் தான் பொய் சொன்னதன் காரணம் தெளிவாகத் தெரியும். அற்பத் தொகைக்குப் பொய் சொன்னவனோ, தன் செய்கைக்கு வெளியே காரணம் காணாமல், தன் நம்பிக்கையையே செய்கைக்கேற்ப மாற்றிக் கொள்கிறான்.

இதனைத் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்ப்போர், இறங்கி இறங்கித் தொழிலாளி தன்னைத் தாழ்ந்தவன் என்றே நம்பியிருப்பான் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. இறங்காவிட்டால் அவனுக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். மனைவி மக்கள் நடுத்தெருவில் நிற்பர். இறங்குவதற்கு இவ்வளவு பெரிய காரணம் வெளியே இருக்கையில், அவன் உள்ளம் மாற வேண்டிய அவசியமில்லை. உடல் இறங்கிற்று, உள்ளம் இறங்கவில்லை. கெடாவில் ஒரு நெல் விவசாயக் கிராமத்தில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞரும், 1985-இல் வெளியிட்ட நூலில் இதனையொத்த முடிவையே கூறினார். அங்குள்ள ஏழை மலாய் விவசாயிகள் பணக்காரர் எதிரில் பணிவாகப் பேசினர். தமக்குள் கூடியபோது பேசியது வேறு. பணிவை நம்பிக்கை என்று எண்ணியவர் பணியப்பட்டவர்களே.

அப்படியானால் அற்பக் கூலிக்கு உள்ளத்தை மாற்றிக்கொண்டவர் யார்? பட்டியலே விடை கூறுகின்றது. பெண்களுக்குத் தீங்கு செய்வோரைக் குறிக்குமிடத்தில், "ஐரோப்பியர்" என்பதோடு நில்லாமல் "கறுப்பு ஐரோப்பியர்" என்று அது சேர்த்துக் கூறுகின்றது. நம் கருத்தில், அப்பட்டியலின் மிகக் கூரிய சொல் இதுவே. கிராணியைச் சவுக்கெடுத்து அடித்து எவரும் துரையைப் போல் நடக்கச் செய்யவில்லை. சிறிது கூடுதலான சம்பளம், தனி வீடு, துரை பெயர் சொல்லி அழைக்கும் பெருமை ஆகிய சிறு சலுகைகளுக்காகவே அவர் தம்மைக் கண்டும் தொழிலாளி இறங்க வேண்டுமென்று எதிர்பார்த்தார். இவ்வளவு சிறிய காரணம் அச்செய்கைக்குப் போதாது. எனவே, "இவர்கள் இப்படித்தான் நடத்தப்பட வேண்டியவர்கள்" என்ற நம்பிக்கை அவர் உள்ளத்தில் வேண்டியதாயிற்று. சோதனைச்சாலை முடிவை வாழ்க்கைக்குப் பொருத்துவது ஒப்புமையே அன்றி நிரூபணமன்று என்பதை அறிவோம். ஆயினும், ஏகாதிபத்தியம் பிடித்தது தொழிலாளியின் முதுகை. அது குடிகொண்டதோ படித்தவரின் நெஞ்சில் என்று கொள்ள இடமுண்டு.

துரையும் கிராணியும் செய்த மற்றொரு பிழையும் ஆராயத் தக்கது. 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்னும் இருவர், கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளை மாணாக்கருக்குப் படிக்கக் கொடுத்தனர். "எழுதியவர் தம் விருப்பப்படி எழுதவில்லை, இப்பக்கம் பேசும்படி பணிக்கப்பட்டார்" என்று அறிவித்த பின்னும், படித்தவர்கள் எழுதியவரின் சொந்தக் கருத்து ஓரளவேனும் அதுவே என்று எண்ணினர். கட்டாயத்தால் செய்ததையும் சுபாவத்தால் செய்ததென்று கருதுவது மனித மனத்தின் வழுக்கல். தாமே கட்டாயப்படுத்தி இறங்கச் செய்துவிட்டு, "தமிழன் சுபாவத்திலேயே அடங்கியவன்" என்று தோட்டத்தார் நம்பியது இவ்வகைப் பிழையே. ஆகவே அடங்கியவன் எழுந்தபோது அவர்களுக்குத் திகைப்பு உண்டாயிற்று, தூண்டியவனைத் தேடினர்.

உள்ளத்தில் முன்பே இருந்தது 1941-இல் ஏன் வெளிவந்தது? ஆஷ் என்பாரின் சோதனை இங்கு உதவும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, கூட்டத்திலுள்ள ஏனையோர் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை கூறினர். தனித்திருந்தவர், கண் கண்டதை விட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். ஆனால் உண்மை கூறும் ஒரேயொரு துணை பக்கத்தில் அமர்ந்தவுடன், அவ்விணக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கிள்ளானில் சங்கம் செய்த வேலை இதுவே. பிரட்டுக் களத்தில் தனியே நின்றவனுக்கு, காந்தி குல்லாய் அணிந்த இன்னொருவன் பக்கத்தில் தெரிந்தான். நாதனும் அவரைப் போன்ற படித்தோரும் புதிய எண்ணத்தைத் தொழிலாளியின் தலைக்குள் புகுத்தவில்லை. அங்கிருந்த எண்ணத்திற்குத் துணையாயினர். படித்தவர் அனைவரும் கிராணி மனம் படைத்தவரல்லர் என்பதற்கும் அவர்களே சான்று.

இனிப் பட்டியலின் குற்றம் கூறாது விடுவது விமரிசனமாகாது. கொடியவரை நீக்கித் தமிழ் பேசும் சிப்பந்திகளை அமர்த்துக என்று அது கேட்கிறது. தொழிலாளியின் பேச்சு விளங்காதவர் அவன் குறையைக் கேட்பது அரிது என்பது உண்மையே. ஆனால் மொழி ஒன்றானால் கொடுமை குறையும் என்ற நம்பிக்கை அனுபவத்திற்கு ஒத்ததா? தலைக்குத் தலை காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்து வந்த கங்காணி எம்மொழி பேசினான்? தமிழேயன்றோ! நம்மவன் நல்லவன் என்பது அறிவின் தீர்ப்பன்று; மனத்தின் சாய்வு. அதிகாரம் எவ்வாறு கட்டுப்படுத்தப்படும் என்று கேட்க வேண்டிய இடத்தில், அதிகாரி எவ்வினத்தான் என்று அது கேட்டுவிட்டது. பெண்களைப் பற்றியும் ஒரு குறையுண்டு. அவர்களுக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்ன பட்டியல், ஆணோடு சேர்ந்து பால் வெட்டிய பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலியைத் தனிக் கோரிக்கையாகக் கேட்கவில்லை. தன்மானம் பேசியவரும் தம் வீட்டளவில் பழைய வழக்கத்திலேயே நின்றனர்.

இவ்வளவும் பழங்கதை என்று தள்ளிவிடலாமா? சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா நகராயிற்று. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவுக்கு இடங்கொடுத்தது. தோட்டத்து மக்கள் பட்டணத்தின் ஓரங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறினர். துரை போய்விட்டார். ஆயினும், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சற்று வசதியோடு வாழும் தமிழர் வாயில், "அது தோட்டத்துப் புத்தி" என்ற சொல் இன்னும் வருகிறதன்றோ? பிள்ளை படிப்பில் பின்தங்கினால் தோட்டத்துப் புத்தி. வாலிபன் வழிதவறினால் தோட்டத்துப் புத்தி. பள்ளி எப்படியிருந்தது, வீடு பறிபோனபோது கிடைத்த ஈடு என்ன என்று கேட்பார் சிலரே. 2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் ஹிண்ட்ராப் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டு கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றபோதும், "யார் தூண்டியது?" என்று கேட்டவர் நம்மவருள் இருந்தனர். அவ்வியக்கத்தின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அக்கேள்வி, 1941-இல் தோட்டத்துப் பங்களாக்களில் கேட்ட அதே கேள்வி என்பதை மட்டும் உணர்தல் வேண்டும்.

மனோதத்துவம் பிறர் மேல் எறியும் கல்லாகவும் பயன்படும். தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் பயன்படும். ஏழையின் மனத்தில் கோளாறு தேடுவோர் அதனைக் கல்லாக்குகின்றனர். கிள்ளான் தொழிலாளர் தம் பட்டியலில் எவர் மனத்தையும் பழிக்கவில்லை. கூலி, நேரம், பள்ளி, மருந்து, சங்கம் என்று மாற்றக் கூடியவற்றையே எண்ணி எழுதினர். சுபாவம் என்று பிறர் கூறியதை அவர்கள் ஏற்பாடு என்று கண்டனர். ஏற்பாடானால் மாற்றலாம் என்றும் கண்டனர். தோட்டத்திலிருப்போர் இப்பட்டியலைப் பெருமையோடு படிக்கட்டும். பட்டணத்திலிருப்போர் ஒரு கேள்வியோடு படிக்கட்டும்: எந்தச் சிறு சலுகைக்காக, யாரைத் தாழ்ந்தவர் என்று நம்பத் தொடங்கினோம்?