'முடிவுகள் இல்லை' என்பது ஒரு பதிலா?

சிம்பாத் தளத்தில் பர்னார்டு விண்மீனைத் தேடினால் அதன் இருப்பிடம் உடனே கிடைக்கும். அந்த எண்களை அப்படியே எடுத்துட்டுப் போய், கையா டிஆர்3 தொகுப்பில் 5 ஆர்க்செகண்ட் ஆரத்துக்குள் தேடச் சொல்லி ஒரு ஏடிக்யூஎல் குவெரி எழுதிப் பாருங்க. பர்னார்டு வராது. சுமார் 180 கோடி மூலங்கள் உள்ள தொகுப்பில், 6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் நம்ம பக்கத்து வீட்டுக்காரர் இல்லையா?

இருக்கிறார், இடம் மாறிட்டார். சிம்பாத் தருவது 2000ஆம் ஆண்டு நிலை. கையா டிஆர்3 தருவது 2016ஆம் ஆண்டு நிலை. பர்னார்டு வருஷத்துக்குச் சுமார் 10.4 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 16 வருஷத்தில் 166 ஆர்க்செகண்ட், அதாவது கிட்டத்தட்ட 2.8 ஆர்க்நிமிடம். 5 ஆர்க்செகண்ட் வலையில் அது எப்படிச் சிக்கும்?

இரண்டு தளங்களுமே சரியான தகவலைத்தான் தருகின்றன. தங்கள் எண் எந்தக் காலத்துக்கானது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கையாவில் அது தனி ஒரு நெடுவரிசையாக, முடிவோடு சேர்ந்து வருகிறது. முடிவே வராதபோது அதை எங்கே போய்ப் பார்ப்பது? என் விமர்சனம் இந்த இடத்தில்தான்.

'ஒன்றும் இல்லை' என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். திருவாதிரை கையாவில் நிஜமாகவே இல்லை. அந்தக் கருவிக்கு அது அளவுக்கு மீறிய பிரகாசம். ரைட் அசென்ஷனை மணிக்கணக்கில் எடுத்து டிகிரி என்று கொடுத்தால், வானத்தில் வேறெங்கோ தேடிக்கிட்டிருப்போம். பட்டியல் பாதியில் வெட்டப்படுவதும் உண்டு: விசியர் இயல்பாக 50 வரிசைகளோடு நிறுத்திக்கொள்ளும். நாம தேடுவது 51ஆவதாக இருந்தால் அதுவும் 'இல்லை'தான்.

தனி ஒரு விண்மீன் என்றால் தேடிக் கண்டுபிடிச்சிடலாம். ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஸ்கிரிப்ட் வைத்து ஒப்பிடும்போதுதான் சிக்கல். 5 ஆர்க்செகண்ட் ஆரம் வைத்தால், வருஷத்துக்கு 0.31 ஆர்க்செகண்டுக்கு மேல் நகர்பவை எல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். வேகமாக நகர்வதாகத் தெரிபவை பெரும்பாலும் நமக்கு அருகில் இருப்பவை. அருகிலுள்ள விண்மீன்களைப் பட்டியலிட நினைப்பவர், அவற்றையே இழந்துவிடுவார். சரி, ஆரத்தைப் பெருசாக்கினால்? பின்னணியில் இருக்கும் வேறு ஏதோ மங்கலான விண்மீன் மாட்டும். காலியான முடிவைவிட அது மோசம். காலி என்றால் சந்தேகமாவது வரும்.

தீர்வு ஏற்கெனவே இருக்கு. கையா காப்பகத்திலேயே நிலையை வேறு ஆண்டுக்கு நகர்த்திக் கணக்கிடும் செயற்கூறு உண்டு, ஆஸ்ட்ரோபையிலும் உண்டு. அதனால் தேடல் காலியாக வந்தால் முதலில் ஆண்டு, அடுத்து அலகு, அப்புறம் வரிசை வரம்பு, கடைசியாகத் தொகுப்பின் பிரகாச எல்லை என்று வரிசையாகப் பாருங்க.

தளங்களிடம் கேட்பதும் சின்ன விஷயம்தான். காலியான முடிவின் கீழே, 'நீங்கள் தேடியது 2016ஆம் ஆண்டு நிலைகளில்' என்று ஒரு வரி போட்டால் போதும்.