உர்து மாதர் ஏடுகளும் நம் இல்லத்துப் பெண்டிரும்

ஒரு சமுதாயத்தின் இலக்கியத்தை எடைபோட விழைவோர் அதன் காப்பியங்களை மட்டும் புரட்டினால் போதாது. அதன் பெண்கள் எழுதிய, படித்த ஏடுகளையும் புரட்ட வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டே, உர்து மொழியின் தொடக்க கால மாதர் ஏடுகளை ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம். கோவைக் கோட்டைமேட்டில் உர்து பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. ஆயினும் ஒரு மொழியின் பெண்ணெழுத்தை மறுமொழியார் அறிந்தது மிகக் குறைவே.

1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லாகூரிலிருந்து ‘தஹ்ஜீபே நிஸ்வான்’ என்னும் வார ஏடு வெளிவரத் தொடங்கியது. ‘பெண்டிர் பண்பாடு’ எனப் பொருள்படும் அவ்வேட்டின் ஆசிரியை முஹம்மதி பேகம். அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய கணவர் மௌலவி சையித் மும்தாஜ் அலி தேவ்பந்தில் ஓதியவர். அதே ஆண்டில் அவர் ‘ஹுகூகே நிஸ்வான்’ என்ற நூலையும் வெளியிட்டார். ஆண் பெண்ணினும் உயர்ந்தவன் என்பதற்குச் சொல்லப்பட்டு வந்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மார்க்க ஆதாரங்களைக் கொண்டே மறுக்கும் நூல் அது. அதன் கையெழுத்துப் படியைக் கண்ட சர் சையித் அஹ்மத் கான் வெளியீட்டுக்கு இசையவில்லை. அவர் மறைந்த பின்னரே அது அச்சேறியது. அலிகரில் ஆங்கிலக் கல்விக்குக் கல்லூரி எழுப்பிய பெருந்தகை தயங்கிய இடத்தில், மதரஸாவில் ஓதியவர் முன்னடி வைத்தார். பெண்ணுரிமை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பார்க்கும், மார்க்கக் கல்வி பெண்ணுக்குப் பகை என்பார்க்கும் இவ்வொரு நிகழ்ச்சியே விடையாகும்.

1904இல் அலிகரில் ‘காதூன்’, 1908இல் டில்லியில் ‘இஸ்மத்’ என ஏடுகள் தொடர்ந்தன. சமையல், தையல், குழந்தை வளர்ப்பு என்று தொடங்கும் பக்கங்களிலேயே கல்வி, மஹர், மணமுறைகள் பற்றிய வாதங்களும் இடம்பெற்றன. வீட்டுக்குள் பேசிய மொழியே அச்சு மொழியாயிற்று. இதுவே அவற்றின் இலக்கியச் சிறப்பு என்பது நம் துணிபு.

குறைகளையும் மறைத்தலாகாது. இவ்வேடுகள் பெரும்பாலும் ‘ஷரீஃப்’ எனப்பட்ட மேற்குடிப் பெண்டிருக்காகவே பேசின. நெசவுத் தொழிலாளியின் மனைவியும், வீடுகளில் ஊழியம் செய்த பெண்ணும் அப்பக்கங்களில் உரிய இடம் பெறவில்லை. மற்றொரு குறை ‘இஸ்மத்’தை நிறுவிய ராஷிதுல் கைரியின் கதைகளில் உண்டு. துயரத்தைத் தீட்டும் ஓவியர் என்று பெயர் பெற்ற அவர், பெண்களின் வாரிசுரிமைக்காக வாதாடியவர், ஐயமில்லை. ஆனால் அவருடைய கதைப் பெண் மிகுதியும் அழுகின்றாள். அவளுக்காக நாம் இரங்குகின்றோம். இரக்கம் வேறு, உரிமை வேறு. ஈவோன் மனம் மாறினால் இரக்கம் மாறும், உரிமை மாறாது.

எழுத்து சட்டத்துக்கு வழி கோலுமா? 1931ஆம் ஆண்டளவில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவீ, கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு விடுதலை தரும் தீர்ப்புகளை மாலிக்கீ மத்ஹபிலிருந்து எடுத்துக் கொள்ள ஹனஃபீகளுக்கு வழிகாட்டினார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த அடிப்படையில் எழுந்தது. அதற்கு முன் வந்த 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வழக்காற்றை விலக்கிப் பெண்ணின் பங்கை உறுதி செய்தது. எனினும் விவசாய நிலத்தை மட்டும் விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கையும் நீக்கியது. தோட்டமும் காடுமே செல்வமாகிய கொங்கு நாட்டில் இத்திருத்தத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் அதை அறிந்த பெண்கள் எத்தனை பேர்? ‘அண்ணன் முகம் வாடக்கூடாது’ என்று பங்கை விட்டுக் கொடுக்கும் தங்கையர் இன்றும் உளர். விரும்பி விட்டுக் கொடுப்பது அவர் உரிமை. தமக்கு உள்ளது இன்னதென்று அறியாமல் விடுவது உரிமையாகாது.

தமிழிலும் விதை விழாமலில்லை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரையே பயின்றவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ நாவல் 1938இல் வெளிவந்தது, உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். ஆயினும் நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பல கிஸ்ஸா, நாமா, மாலை, முனாஜாத்து என்று வகை பிரித்து விரிவாகப் பேசிவிட்டு, பெண்களின் உரைநடையை ஓரிரு வரியில் கடந்து செல்கின்றன. கவிதைக்குத் தரும் மதிப்பை இதழ் எழுத்துக்குத் தர மறுக்கும் இப்போக்கு மாற வேண்டும்.

திருமறையின் நான்காம் அத்தியாயத்துக்குப் பெண்களின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அதன் நான்காம் வசனமும், பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு என ஏழாம் வசனமும் அறிவிக்கின்றன. அவ்வாறிருக்க, மஹரை நிக்காஹ் தஃப்தரில் எழுதிவிட்டுக் கைக்கூலியைக் கையில் வாங்கும் வழக்கம் இன்னும் நம் மண்ணை விட்டு முற்றிலும் அகன்றபாடில்லை. லாகூர் ஏட்டின் பழைய பக்கங்கள் இன்று நமக்குப் பயன்படுவது இவ்விடத்தில்தான். இரு மொழியும் அறிந்த கொங்கு நாட்டுச் சகோதரிகள் அவற்றைத் தமிழில் தரலாம். அது அவர்களால் ஆகக்கூடிய பணி. நம் மதரஸாக்கள் பெண்பிள்ளைகளுக்குத் தொழுகைச் சட்டம் கற்பிப்பது போலவே, பாகப்பிரிவினைச் சட்டத்தையும் கணக்கோடு கற்பிக்க வேண்டும். தன் பங்கைத் தானே கணக்கிடத் தெரிந்த மகளை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.