கிருபையின் அளவுகோல்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சுற்றிய கரிசல் கிராமங்களையும் சேர்ந்த மக்கள், எண்ணிக்கையைக் கொண்டே ஜீவனம் நடத்துகிறவர்கள். அடுக்கிய சட்டம் இத்தனை, ஒட்டிய பெட்டி இத்தனை குரோஸ், சுற்றிய குழாய் இத்தனை, பின்னிய சரம் இத்தனை என்று தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் சனிக்கிழமை மாலை கணக்குப் பார்த்துக் கூலி வாங்கித் திரும்புகிற குடும்பம், மறுநாள் காலையில் ஆலயத்தில் வந்து அமரும்போது, எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்று அதற்கு அறிவிக்கப்படுகிறது. உழைத்ததற்காகத் தரப்படாததும், உழைக்க இயலாமற்போனதற்காக மறுக்கப்படாததுமான அதற்குக் கிருபை என்று பெயர். தீப்பெட்டித் தொழில், 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று அதைக் கற்றுவந்த ஐய நாடார், சண்முக நாடார் இருவரின் முயற்சியால் இம்மண்ணில் வேரூன்றியது; கிருபையின் போதனையோ அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கூடாரங்களோடு இங்கு வந்து இறங்கிவிட்டது. ஆறு நாள் கூலிக் கணக்கில் வாழும் ஜனம் ஏழாம் நாளில் கேட்ட போதனையை மறுபடியும் அந்த ஆறு நாளுக்குள் எவ்வாறு கொண்டுசென்றது என்று ஆராய்வதே, பல சம்பிரதாயங்கள் வந்து கலந்த இவ்வட்டாரத் திருச்சபை வாழ்வை மதிப்பிடத் தக்க வழி என்பது என் துணிபு.

தெய்வத்தின் அருளைப் பற்றிய சிந்தனை கிறிஸ்தவ ஊழியர்களோடு இந்நாட்டுக்கு வந்தது என்று எண்ணுவது பிழையாகும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூர் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே இருக்கிறது. குட்டியைத் தானே கவ்விச் செல்லும் பூனையைப் போல இறைவன் ஜீவனைக் காக்கிறான் என்று தென்கலையாரும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல ஜீவனிடத்திலும் ஒரு பற்றுதல் வேண்டும் என்று வடகலையாரும் தர்க்கித்த தர்க்கம், மேற்கத்தியத் திருச்சபையில் அகுஸ்தீன் காலம் முதல் லூத்தர் காலம் வரை நிகழ்ந்த தர்க்கத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது அந்தப் பழைய உருக்கத்தையே புதிய பொருளுக்கு ஆக்கித் தந்தார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்து மார்க்கத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் எழுதினார். ஆகவே கரிசல் காட்டுச் சம்சாரியிடம் உபதேசியார் கிருபையைப் பற்றிப் பேசியபோது அவன் செவிக்கு அது முற்றிலும் அந்நியமாக இருந்திருக்க நியாயமில்லை. தனக்கு மன்னிக்கப்பட்ட கடனைத் தானும் அயலானுக்கு மன்னிக்கக் கடமைப்பட்டவன் என்பதும், அந்த அயலான் எந்தத் தெருக்காரனாயினும் தன்னோடு ஒரே பந்தியில் அமரும் சகோதரன் என்பதுமே அவனைத் திகைக்க வைத்திருக்கும்.

சம்பிரதாயங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய கத்தோலிக்க மறைப்பணி, பிற்காலத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி வரை பரவி, அருளானது திருவருட்சாதனங்களின் வழியே ஆன்மாவுக்குள் பாய்ந்து அதைப் படிப்படியாகப் புதுப்பிக்கிறது என்று போதித்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மரபோ, கிறிஸ்துவின்பொருட்டுப் பாவி நீதிமானாக எண்ணப்படுகிறான் என்னும் அறிவிப்பையே மூலாதாரமாகக் கொண்டது. இந்த மரபில் வந்த இரேனியுஸ் ஐயர் திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தின் ஊழியராக இருந்து, துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் குடியேற நிலம் வாங்கித் தருவதற்கெனத் தர்ம சங்கத்தை அமைத்தார். 1547இல் திரெந்து சங்கத்தின் தீர்மானத்தால் எதிரெதிராகப் பிரிந்து நின்ற இவ்விரு பெரும் மரபினரும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பர்க் நகரில் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டு, அதன் அடிப்படைகளில் தாங்கள் ஒருமனப்பட்டவர்களே என அறிவித்தனர். நானூற்றைம்பது ஆண்டுப் பிணக்கு அவ்வாறு தணிந்த செய்தி நமது சபைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இவ்வட்டாரத்துக்கு உரிய சரித்திரம் தாமஸ் ராக்லண்ட் ஐயரிடம் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் முன்வரிசைப் பட்டம் பெற்றுக் கல்லூரி உறுப்பினராகவும் இருந்த அவர், சென்னையில் ஆங்கிலத் திருச்சபைச் சங்கச் செயலாளராகப் பணியாற்றியபின், 1854இல் வடதிருநெல்வேலிப் பகுதியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் செல்லும் ஊழியத்தை ஆரம்பித்தார். ஃபென், மெடோஸ் ஆகிய தோழர்களோடும் சுதேச உபதேசிமாரோடும் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அவர் அலைந்த நான்காண்டு காலத்தில், தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரைத் தங்கள் செலவிலேயே முறைவைத்து அனுப்பின என்னும் செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன். தாங்கள் பெற்ற நன்மையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள மனமின்றிப் பனங்காட்டு ஏழைகள் அதை வடக்கே அனுப்பிய செயல் அது. 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் அவர் மரித்தபோது, கண்ட பலன் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலிருந்து சாட்சியாபுரமும் அதன் பள்ளிகளும் சுற்றுக் கிராமச் சபைகளும் எழுந்தன.

கிழக்கே, அருப்புக்கோட்டையையும் மண்டபசாலையையும் நிலையங்களாகக் கொண்டு, 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வேறொரு மரபைப் பயிரிட்டது. சபையார் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கையே சபைக்கு ஆதாரம் என்பது அவர்கள் கொள்கை. அந்த மிஷனார் 1847இல், பல ஜாதியினரும் கலந்து சமைத்ததைப் பல ஜாதியினரும் ஒன்றாக உண்ணும் அன்பின் விருந்தை நடத்தி, அதில் அமர மறுத்தவர்களைச் சபை ஐக்கியத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். உபதேசிமார் பலரே விலக நேர்ந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் பெரும்பாலோர் இக்கொள்கையை ஏற்க, லைப்சிக் லூத்தரன் மிஷனார் மட்டும் உடன்படவில்லை. ஒருவன் மனச்சாட்சியைப் பந்தியிலே சோதிப்பது கிருபைக்கு ஏற்ற முறையா, அது புதியதொரு நியாயப்பிரமாணம் ஆகாதா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேள்வி சிந்திக்கத் தக்கதே; ஆயினும், ஒரே அப்பத்தைப் புசித்துவிட்டு ஒரே சோற்றைப் புசிக்க மறுப்பவன் அந்த அப்பத்தையும் அறிந்துகொள்ளவில்லை என்ற தீர்ப்பையே நான் ஏற்கிறேன்.

மேற்கே ஆங்கிலத் திருச்சபை மரபும் கிழக்கே அமெரிக்க மரபும் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் ஒன்றாயின. இரண்டும் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் அடங்கின. அதன் முதற் பேராயரான லெஸ்லி நியூபிகின், கிருபையைத் தனிமனிதனின் ஈடேற்றத்துக்கு மட்டுமன்றிச் சபைகளின் இணைப்புக்கும் பிரமாணமாகக் கொண்டவர். தன் ஒழுங்கும் பரம்பரையும் பழுதற்றவை என்பதால் எந்தச் சபையும் சபையாவதில்லை, மன்னிப்பால் மட்டுமே ஆகிறது என்று அவர் வாதித்தார். சேர்ந்த சபைகளின் குருமார் மறு அபிஷேகமின்றியே அங்கீகரிக்கப்பட்டதும் இந்நியாயத்தினாலேயே. 1953இல் வெளிவந்த அவருடைய ‘தி ஹவுஸ்ஹோல்ட் ஆஃப் காட்’ என்னும் நூல், கிறிஸ்துவோடு நாம் இணைக்கப்படுவது எதனால் என்னும் வினாவுக்கு, கேட்ட வசனத்தை விசுவாசிப்பதால் என்றும், திருவிருந்தில் பங்குபெறும் தொடர்ச்சியான சமுதாயத்தில் இருப்பதால் என்றும், பரிசுத்த ஆவியைப் பெறுவதால் என்றும் மூன்று மரபினர் கூறும் விடைகளை ஒருங்கே வைத்து நோக்குகிறது. பெந்தெகொஸ்தே மரபை மற்ற இரண்டுக்கும் நிகராக வைத்தெண்ணிய துணிவு அக்காலத்தில் பெரிது. இன்று ஓலைக் கொட்டகையிலும் தகரக் கூரையின் கீழும் இரவு முழுவதும் ஜெபிக்கும் எளிய ஜனங்களைக் காண்போர் அவர் தொலைநோக்கை மறுக்கமாட்டார்கள். காணிக்கையை விதைத்தால் ஆசீர்வாதத்தை இத்தனை மடங்கு அறுக்கலாம் என்று சில மேடைகளில் கேட்கும் போதனை மட்டும் அம்மரபின் மெய்யான குரலன்று. அது கூலிக் கணக்கை ஆலயத்துக்குள் திரும்ப அழைப்பதாகும்.

1950இல் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த திருவிருந்து ஒழுங்கில், பண்டைச் சபையின் சமாதானம் வழங்கும் வழக்கம் உயிர்ப்பிக்கப்பட்டது. குருவானவரிடமிருந்து தொடங்கும் சமாதானம் கையோடு கை சேர்த்து வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை செல்கிறது. வரப்புத் தகராறிலோ சீட்டுப் பணத்திலோ பேச்சு நின்றுபோன இரு குடும்பத்தார் ஒரே வரிசையில் அமர்ந்துவிட்டால் அந்தக் கணம் எத்துணை கடினமானது என்பது கிராமச் சபையாருக்குத் தெரியும். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோரும் உண்டு. ஆனால், அந்த நெருக்கடிக்கு அஞ்சியே சனிக்கிழமை இரவு அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, “அண்ணாச்சி, போனது போகட்டும்” என்று தீர்த்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதிவைத்த எந்தச் சபைச் சட்டத்தாலும் இதைச் சாதித்திருக்க இயலாது.

அசனப் பண்டிகையை இதற்கு அடுத்தபடியாக வைப்பேன். அன்பின் விருந்தில் வற்புறுத்தலாக இருந்தது இங்கே கொண்டாட்டமாகிவிட்டது. அரிசி கொடுத்தவரும் கொடாதவரும், ஆபீஸ் முதலாளியும் அங்கே மருந்து அடைப்பவரும், ஊரிலுள்ள பிற சமயத்தவரும் ஒரே அண்டாச் சோற்றை உண்கிறார்கள். சோறு பொங்குகையில் கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுவரும் பெண்களின் வழக்கமும் இத்தகையதே. குடும்பத்துக்கு உலை வைக்கும்போதே பிறன் பங்கை எடுத்துவைக்கிற அந்தக் கை வேதாகமக் கல்லூரிக்குச் சென்றதில்லை. இதற்கு மாறாக, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பல்லாயிரம் ரூபாய்க்கு எடுத்துத் தம் பெயரை ஒலிபெருக்கியில் மும்முறை கேட்டு மகிழ்வதைக் கிருபையின் கனியாக எண்ண என் மனம் இடந்தரவில்லை.

இவ்வட்டாரத்தில் கிருபையைப் பற்றிப் பேசுகிறவன் மரணத்தைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளைப் போன்றவை ஆண்டுதோறும் சிறிதும் பெரிதுமாக வருகின்றன. மருந்தறையில் உராய்வோ வெப்பமோ சற்று மிகுந்தால் போதும். நால்வர் இருக்கவேண்டிய அறையில் பலர் நெருங்கியிருந்தால் ஒரு தெருவே அனாதையாகிறது. செய்த பாவத்தின் சம்பளம் என்று துக்க வீட்டுத் திண்ணையிலேயே முணுமுணுப்பவர்களுக்குச் சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் அளித்த மறுமொழியைச் சபை எடுத்துரைக்கவேண்டும். மடிந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்னும் கணக்கை அவர் ஏற்கவில்லை. அதனோடு சபையின் கடமை முடிந்துவிடுவதுமில்லை. உரிமமற்ற கொட்டகையில் பெயர்ப்பதிவின்றி வேலைசெய்து இறந்தவளின் பிள்ளைகளுக்கு நிவாரணம் கிடைக்க ஆவணங்களைத் தேடி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதும், விதியை மீறும் முதலாளி சபைக் குழுவில் முன்னிருக்கைக்காரராக இருந்தாலும் அவரை நேரே கண்டித்துரைப்பதும் அதே ஊழியத்தைச் சேர்ந்தவை. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை ஈடுபடுத்துவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. நமது பிரசங்க பீடங்களிலிருந்து அதற்கு நெடுங்காலம் முன்பே, இன்னும் உரத்த குரல் எழுந்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லாமல் விட என்னால் இயலவில்லை.

ஆங்கிலத் திருச்சபையின் பழைய பொது ஜெப புத்தகத்தில், தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு ஒன்றுக்கு, திராட்சத் தோட்டக் கூலியாட்களின் உவமை சுவிசேஷ வாசகமாக நியமிக்கப்பட்டிருந்தது. தீபாவளிக்குப்பின் பூஜை போட்டு மறுபடி திறந்த ஆபீஸ்கள் முழுமூச்சாக இயங்கும் பருவத்தில், ஆண்டுதோறும் சாட்சியாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானைப் பற்றிக் கூலியாட்கள் கேட்டார்கள். பீஸ் ரேட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்த உவமை எளிதில் ஜீரணிக்கத் தக்கதன்று. அதில் முறுமுறுத்தவர்கள் காலையிலேயே வந்த நேர்மையான உழைப்பாளிகள் என்பதை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ராக்லண்ட் ஐயர் காலத்திலேயே முப்பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தாரும் சென்ற ஆண்டு தண்ணீரில் இறங்கியவர்களும் ஒரே சபைக் குழுத் தேர்தலில் நிற்கும்போது, முறுமுறுப்பு எந்த வரிசையிலிருந்து முதலில் கேட்கிறது என்பதை இவ்வட்டாரத்துச் சபையார் அனைவரும் அறிவார்கள்.