கழற்றிய பாகத்துக்கும் ஒரு ரசீது வேண்டும்

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே தாராவி. அதைத் தாண்டிப் போனால் குர்லா. அங்கிருந்து கலினா நோக்கிப் போகும் சி.எஸ்.டி. சாலையில் பழைய கார் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கதவு, பானெட், ஹெட்லைட், கியர்பாக்ஸ் என எல்லாமே கழற்றிய சரக்கு. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, மும்பைக்கு இந்தச் சாலை அப்படி. மாஹிம், தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் டாக்சியோ சிறு வண்டியோ ஓட்டிப் பிழைக்கும் தமிழர்களுக்கு இது பழகிய இடம்.

இந்த வாணிபத்தைப் பற்றி இரண்டே கருத்துகள்தான் அதிகம் காதில் விழுகின்றன. ஒன்று, அது திருட்டுச் சரக்குச் சந்தை. மற்றொன்று, அது ஏழை வண்டிக்காரனின் துணை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே எந்தப் பாகம், எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளைத் தவிர்த்துவிடுகின்றன. தீர்ப்பு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் பெயர் பெற்ற பிரீமியர் பத்மினி, இதே குர்லாவில் இருந்த ஆலையில் உருவான வண்டி. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபது ஆண்டு வயது வரம்பு முடியும்வரை, 2023 அக்டோபர் வரை, சாலையில் ஓட உரிமை பெற்றிருந்தது. ஆலை மூடிய பின் ஒரு வண்டி ஓட வேண்டுமானால், ஓய்ந்துபோன அதன் சகவண்டிகள் பாகம் தந்தாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியபோதும், ஃபோர்டு 2021இல் இங்கே கார் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தபோதும், அந்த வண்டிகளை வாங்கியவர்களின் கவலை இனி பாகம் கிடைக்குமா என்பதுதான். நிறுவனம் பாகம் தருவதாகச் சொன்னாலும் விலையும் காத்திருப்பும் கூடுகின்றன. தினக்கூலிபோல் அன்றாட வசூலில் வாழும் ஓட்டுநருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

இன்னொரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. கடையில் கிடைக்கும் புதிய டூப்ளிகேட்டைவிட, கழற்றிய ஒரிஜினல் பல நேரம் தரமானது. கம்பெனி செய்த கதவின் தகடும் கீல் அளவும் சரியாகப் பொருந்தும். போலிக் கதவைத் தட்டித்தட்டித்தான் பொருத்த வேண்டும்.

ஆனால் கதவுக்குப் பொருந்தும் நியாயம் பிரேக்குக்குப் பொருந்தாது. கதவு, கண்ணாடி, டிக்கி மூடி, ரிம் ஆகியவற்றின் குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். பிரேக் பேடு, டைமிங் பெல்ட், ரப்பர் புஷ் போன்றவை தேய்ந்து தீரவே பிறந்தவை. சீட் பெல்ட் ஒரு மோதலில் இழுபட்டால் அதன் பலம் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஏர்பேகைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. வெடித்த பிறகுதான் அது வேலை செய்ததா என்று தெரியும். இந்த வகைப் பாகங்களில் மிச்சம் பிடிக்கும் பணம் உயிரோடு ஆடும் ஆட்டம்.

வெள்ளம் இன்னொரு மறைவான ஆபத்து. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தது. இப்படி மூழ்கிய வண்டியின் இசியூ எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் வயரிங்கும் காய்ந்ததும் புதிதுபோல் தோன்றும். உள்ளே இணைப்புகளில் துரு மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். அந்த வண்டி எதில் மாட்டியது என்று சொல்ல ஒரு காகிதமும் பாகத்தோடு வருவதில்லை.

திருட்டுப் பிரச்சினையின் வேரும் இதே காகிதமின்மைதான். மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை, திருடிய வண்டிகளைப் பிரித்து விற்கிறது என்ற குற்றச்சாட்டில் 2021 டிசம்பரில் காவல்துறையால் மூடப்பட்டது. வாங்குபவரும் தப்ப முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற நோக்கோடு வாங்குவது குற்றம். இன்ஜினை மாற்றினால் அதன் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பில் இல்லாத இன்ஜின் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

மலிவு விலையின் இன்னொரு பங்கை வேறு யாரோ கட்டுகிறார்கள். இன்ஜின் ஆயில், கூலண்ட், பேட்டரி அமிலம் ஆகியவற்றை முறையாக வடிக்காமல் பிரிக்கும் இடத்தில் அவை தரையில் இறங்குகின்றன. மழையில் சாக்கடைக்கும் மித்திக்கும் போகின்றன. குர்லாவையும் தாராவியையும் ஒட்டி ஓடும் மித்தி கடலில் கலப்பது மாஹிமில். கையுறைகூட இல்லாமல் பிரிக்கும் தொழிலாளியின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

மூடிவிடுவது தீர்வாகாது. தேவை இருக்கும்வரை சந்தை வேறு சந்துக்குப் போகும், இன்னும் இருட்டாகப் போகும். 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்பு மைய விதிகள் சரியான திசையில்தான் செல்கின்றன. பதிவு பெற்ற மையம் ஒவ்வொரு வண்டியையும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகள் உற்பத்தியாளர் மீதும் பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் இத்தகைய மையத்துக்குப் பெரிய இடமும் முதலும் வேண்டும். சிறு கடைக்காரருக்கு அது எட்டாது. எந்த நட்டை எப்படித் திருகினால் பாகம் சேதமில்லாமல் வரும் என்ற கைப்பழக்கமோ அவரிடம்தான் இருக்கிறது. அந்தத் திறமையை வெளியே தள்ளிவிட்டு இரும்பை மட்டும் உருக்கும் திட்டம் அரைகுறைத் திட்டம்.

ஆகவே சிறு கடைகளுக்கு எளிய உரிமமும், மையங்களிலிருந்து சான்றோடு பாகம் வாங்கும் வழியும் வேண்டும். ஒவ்வொரு பாகத்தோடும் எந்த வண்டியிலிருந்து, எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து, எப்போது கழற்றியது, அது விபத்து வண்டியா வெள்ள வண்டியா என்று எழுதிய ரசீது கட்டாயமாக வேண்டும். உயிர் காக்கும் பாகங்களின் மறுவிற்பனையைத் தடுக்க வேண்டும். பழைய பாகம் வாங்குவது இழிவல்ல, சிக்கனமும் அறிவும் சேர்ந்த செயல். அதை நேர்மையான செயலாகவும் ஆக்க, வாங்குபவர் முதலில் ரசீதைக் கேட்க வேண்டும். அதைத் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.